அடுக்களையில் பிறக்கும் பேய்கள்

திகில் படத்துக்கான வேஷத்தையும் பொருள்களையும் வீட்டிலேயே செய்தால் செலவு மிச்சம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. நம்மைப் பயமுறுத்துவது பெரும்பாலும் முன்பின் பார்த்திராத ஒன்றல்ல. நன்றாகத் தெரிந்த ஒன்று கொஞ்சம் பிசகிப் போயிருப்பதுதான். தெரிந்த பொருள்கள் குவிந்து கிடக்கும் இடம் வீடு. எனவே இந்த வேலையில் வீட்டுத் தயாரிப்புக்கு ஒரு கை கூடுதலாகவே உண்டு. 1978ல் வந்த ‘ஹாலோவீன்’ இதற்கு நல்ல சாட்சி. படத்தின் மொத்தச் செலவே சுமார் மூன்று லட்சம் டாலர். கொலைகாரனுக்கு முகமூடி செய்யத் தனியாக ஒரு கலைஞரை வைக்க வழியில்லை. கலை இயக்குநர் டாமி லீ வாலஸ், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றை இரண்டு டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கினார். புருவத்தையும் கிருதாவையும் எடுத்துவிட்டு, கண் ஓட்டைகளை அகலமாக வெட்டி, தலைமுடியைக் கலைத்து, முகம் முழுக்க வெள்ளை அடித்தார். அதில் கோரைப் பல் கிடையாது, கொம்பு கிடையாது, ரத்தம்கூடக் கிடையாது. மூக்கும் வாயும் மனிதனுடையவையாகவே இருக்கின்றன. உணர்ச்சி மட்டும் துடைத்து எடுக்கப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த முகம் வசூல் செய்துகொண்டிருக்கிறது.

ரத்தத்தின் கதையும் இதுவே. ‘சைக்கோ’வின் (1960) குளியலறையில் வழிந்தது சாக்லேட் சிரப். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்திலும் அதுதான். அதில் பிணங்கள் கடித்து இழுக்கும் இறைச்சியும் குடலும், படத்துக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் கசாப்புக்கடைக்காரர் என்பதால் கிடைத்தவை. இரண்டுமே கறுப்பு வெள்ளைப் படங்கள். அங்கே நிறம் பொருட்டல்ல, கெட்டியும் ஓட்டமும் சரியாக இருந்தால் போதும். வண்ணப் படம் வந்ததும்தான் சிக்கல். உண்மையான ரத்தம் காற்றுப் பட்டால் பழுப்பேறிவிடும். வெறும் சிவப்புச் சாயமோ ஜாம் மாதிரி கண்ணாடித்தனமாகத் தெரியும். இதற்கு வழி கண்டவர் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித். சோளச் சர்க்கரைப் பாகில் சிவப்பு உணவுச் சாயம், கூடவே கொஞ்சம் மஞ்சள், ஒளி ஊடுருவாமல் இருக்கச் சிறிது துத்தநாக ஆக்சைடு. மஞ்சள் சேர்க்காவிட்டால் சிவப்பு ரோஜா நிறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்தில் அந்தச் சிறுமி கக்கும் பச்சைக் குழம்பு பட்டாணி சூப். எல்லோருக்கும் தெரிந்த உணவு, வரக் கூடாத வழியாக வருகிறது. குமட்டலுக்கு அதுவே போதும்.

இதே ஸ்மித் 1965ல் பூத வேஷம் போடுவது எப்படி என்று பிள்ளைகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். தொழில் ரகசியங்களைப் பொத்திப் பொத்தி வைத்த காலம் அது. இவரோ கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே செய்யக் கற்றுக்கொடுத்தார். அவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்ப் பார்த்து, பிறகு ‘எக்ஸார்சிஸ்ட்’டில் அவருக்கே உதவியாளராக இருந்தவர் ரிக் பேக்கர். ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு தொடங்கி, 1982ல் முதன்முறையாகக் கொடுத்தபோது அதை வாங்கியவரும் பேக்கர்தான். வீட்டில் செய்து பழகக்கூடிய வித்தைக்கு முதுமைச் சுருக்கம் நல்ல உதாரணம். திரவ லேடெக்ஸ் என்பது கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா கலந்த ரப்பர் பால். கன்னத்துத் தோலை ஒருவர் விரலால் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பஞ்சால் அதை மெல்லிசாகத் தட்டித் தட்டிப் பூச வேண்டும். முடி உலர்த்தியின் மிதமான காற்றில் காய்ந்ததும் பவுடர் தூவ வேண்டும், இல்லையென்றால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிடியை விட்டால், தோல் சுருங்க ரப்பரும் சேர்ந்து சுருங்கி மடிப்பு மடிப்பாக விழும். அது வரைந்த சுருக்கமல்ல. சிரித்தால் அசையும், பேசினால் ஆழமாகும்.

பணம் கொட்டி எடுத்த திகில் படங்களும் பயமுறுத்துகின்றனவே என்று கேட்கலாம். ஜான் கார்பென்டரின் ‘தி திங்’கை (1982) எடுத்துக்கொள்வோம். பூத வேலைக்கு மட்டும் பதினைந்து லட்சம் டாலர் செலவானது. அதைச் செய்த ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் ஓராண்டுக்கு மேல் உழைத்துக் கடைசியில் உடல் நொந்து மருத்துவமனைக்கே போனார். ஆனால் அவர் கலந்தவை என்ன? மயோனைஸ், ஜாம், அரைத்த சோளம், சூடாக்கிய பபிள்கம். அந்தப் பெரிய தொகை வாங்கித் தந்தது நேரத்தையும் ஆட்களையும் இயந்திர அமைப்பையும்தான். திரையில் வழியும் கோழை அடுக்களைச் சரக்கே.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வீட்டுச் சாமான்களால் செய்த பேய்களில் பெரும்பாலானவை சிரிப்பைத்தான் வரவழைக்கின்றன. தேறிய நாலைந்தை மட்டும் காட்டி வாதாடுவது நியாயமா? ‘ரோபாட் மான்ஸ்டர்’ (1953) படத்தின் வேற்றுக்கிரகவாசி, கொரில்லா உடையின் மேல் ஆன்டெனா வைத்த ஹெல்மெட் மாட்டிய ஆள். கொரில்லா உடை அந்த நடிகர் ஜார்ஜ் பாரோஸுக்கே சொந்தம். நாலே நாளில் எடுத்த படம். சோப்புக் குமிழி விடும் எந்திரத்துக்குக்கூட டைட்டிலில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பூதம் வெட்டவெளியில், பட்டப்பகலில், தலை முதல் கால் வரை தெரிய நடக்கிறது; பயம் வரவில்லை. சோளக்கொல்லைப் பொம்மை தூரத்துக் காக்கைக்காகச் செய்தது, கிட்டே கொண்டுபோனால் வைக்கோல்தான் என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. இருட்டும் குறைவான காட்சியும் உதவும் என்பது சரி. ஆனால் ‘தி டெக்சஸ் செயின் சா மேசக்கர்’ (1974) படத்தின் கொலைகாரன் லெதர்ஃபேஸும் பகல் வெளிச்சத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான். அவன் உடையும் மலிவானதுதான். ஆகவே இருட்டு மட்டும் விடையாகாது.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. லெதர்ஃபேஸ் கட்டியிருப்பது கசாப்புக்காரரின் ஏப்ரன், கழுத்தில் டை. வேலைக்குப் போகிற ஆளின் உடை அது. படத்தில் அவனுக்கு மூன்று முகமூடிகள். கொல்லும்போது ஒன்று, சமையலறையில் கிழவியின் முகம், விருந்துக்கு உட்காரும்போது மை தீட்டிய பெண் முகம். எந்த வேளைக்கு எதை அணிவது என்று அவன் யோசித்திருக்கிறான் என்பது நமக்குப் புரிகிறது. கலை இயக்குநர் ராபர்ட் பர்ன்ஸ் அந்த வீட்டை உண்மையான விலங்கு எலும்புகளால் நிரப்பினார். எலும்பில் செய்த சாமான்களைப் பார்த்தால், யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்தது போலிருக்கிறது. கொரில்லாவும் ஹெல்மெட்டும் ஒன்றுக்கொன்று தெரியாதவை. அவற்றை அணிந்திருப்பவன் யார், ஏன் அணிந்தான் என்று அந்தப் படத்தை எடுத்தவர்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஆக, பழைய துணியையும் கைக்குக் கிடைத்ததையும் சேர்த்தால் பேய் ஆகிவிடாது. அதைப் போட்டிருப்பவனுக்கு ஒரு வீடும் ஒரு வழக்கமும் இருக்க வேண்டும். முதலில் சொன்ன ‘கொஞ்சம் பிசகல்’ அப்போதுதான் தெரியும்.

கணினி வரைகலை வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பவர்கள் 2011ல் வந்த ‘தி திங்’கைப் பார்க்கலாம். அதற்காகக் கையால் செய்த பூதங்களின் மேல் பெரும்பாலும் கணினிப் படத்தைப் போர்த்திவிட்டார்கள். பழைய படத்தின் ரசிகர்கள் நொந்துகொண்டார்கள். அந்தப் பூதங்களைச் செய்தவர்களில் ஒருவரான அலெக் கில்லிஸ், மக்களிடம் பணம் திரட்டி, கைவேலையையே நம்பி ‘ஹார்பிஞ்சர் டவுன்’ (2015) எடுத்தார். அதுவும் எடுபடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையால் செய்வது ஒரு மந்திரமல்ல. மறுபக்கம், டேமியன் லியோன் தானே எழுதி, இயக்கி, ஒப்பனையும் செய்த ‘டெரிஃபையர் 2’ (2022) இரண்டரை லட்சம் டாலரில் முடிந்து, ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் பேய், பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகள் பார்த்துப் பழகிய கோமாளிதான். வண்ணம் மட்டும் உரிந்து கறுப்பு வெள்ளையாக நிற்கிறான்.

வீட்டு வேலைக்கு எதிராக எனக்கு நியாயமாகப் படும் ஆட்சேபம் ஒன்றே. மிச்சம் பிடித்த பணத்தை நடிகரின் உடம்பு கட்டும். லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹான்சன், மாற்று உடை இல்லாததால் டெக்சஸ் கோடையில் படப்பிடிப்பு முடியும்வரை துவைக்காத ஒரே உடையில் கிடந்தார். ‘தி ஈவில் டெட்’ (1981) நடிகர்கள் அணிந்த தடித்த வெள்ளை லென்ஸில் கண்ணே தெரியாது. ஸ்மித்தின் ரத்தத்தில்கூட, தோலில் திட்டுத் திட்டாக நிற்காமல் பரவுவதற்காக, ஃபிலிம் கழுவும் ஃபோட்டோ-ஃப்ளோ கரைசல் சேரும். அந்தக் கலவையை வாயில் விடக் கூடாது. வாயிலிருந்து வழிய வேண்டிய ரத்தத்துக்குப் பாகும் உணவுச் சாயமும் மட்டுமே. லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது, முதல் நாளே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு பூசிப் பார்ப்பது நல்லது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். இங்கிலாந்தில் 2007ல் ஒரு பள்ளி மாணவி, அச்செடுக்க அதற்குள் கையை விட்டு, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். உடம்பில் அச்செடுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் இருக்கிறது, சில நிமிடங்களில் இறுகும், சுடாது. முகமென்றால் மூக்குத் துவாரங்களை மூடாமல், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டே செய்ய வேண்டும்.