அனுப்பாவிட்டால் தண்டனையா?

ஒரு செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நல்ல செய்தி வரும், அனுப்பாமல் விட்டால் வீட்டில் துன்பம் நேரும். புனித அந்தோனியாரின் படத்தோடு இப்படியான செய்திகள் நம் கைத்தொலைபேசிகளுக்கு அடிக்கடி வருகின்றன. முன்னர் இவை கடிதமாக வந்தன; கையால் பிரதி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இன்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் நொடியில் வந்து சேருகின்றன.

2009 இல் கணவர் காணாமற்போன சகோதரி ஒருவர் ஒருநாள் என்னிடம், "அக்கா, ரீலோட் முடிஞ்சு போச்சு, அனுப்ப முடியேல்லை. அவருக்கு ஏதும் நடந்திடுமோ?" என்று கலங்கினார். அந்தச் செய்தியை எழுதியவர் மீது எனக்குக் கோபம் வந்தது. காத்திருந்து களைத்த மனதில் இன்னுமொரு பயத்தை ஏற்றிவைக்க யாருக்கு உரிமை?

திருச்சபை இதை ஏற்பதில்லை. உள்ளம் ஈடுபடாமல், வெளிச்செயலே பலன் தரும் என நம்புவது மூடநம்பிக்கை என்று 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. செபமாலையைத் தாயத்துப்போலக் கருதக்கூடாது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2002 இல் எழுதினார்.

அப்படியானால் நவநாள் பிழையா? இல்லை. ஆண்டவர் விண்ணேறிய பின் மாதாவும் சீடர்களும் ஒன்றுகூடி, தூய ஆவியாருக்காகக் காத்திருந்து செபித்ததை நினைத்தே நாம் ஒன்பது நாள் செபிக்கிறோம். அது சேர்ந்து காத்திருக்கும் செபம். ஒன்பது என்ற எண்ணுக்குத் தனிச் சக்தி எதுவுமில்லை.

கேட்டது கிடைக்காவிட்டால் நம் செபத்தில் குறை என்று எண்ணவும் வேண்டாம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணம் அகலட்டும் எனச் செபித்தார், அது அகலவில்லை. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுருவமும் போரினால் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆகஸ்டில்தான் மடுவுக்குத் திரும்பியது. செபம் குறைந்ததாலா நாம் இழந்தோம்? ஒருபோதும் இல்லை. மனிதர் செய்த போரினால் இழந்தோம்.

இணையத்தில் வருவதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2020 இல் கொரோனாவால் ஆலயங்கள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியில்தான் பலர் திருப்பலியில் இணைந்தோம். ஆகவே செபம் என்று ஏதாவது வந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள். அது பயமுறுத்துகிறதா? இத்தனை பேருக்கு அனுப்பு என்று கணக்குச் சொல்கிறதா? ஆசீருக்காகப் பணம் கேட்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தயங்காமல் அழித்துவிடுங்கள். அதனால் பாவமும் இல்லை, சாபமும் இல்லை. பணம் கேட்டால் பங்குத்தந்தையிடம் விசாரிக்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

செபத்துக்கு ரீலோட் தேவையில்லை, சகோதரிகளே. இரவில் விளக்கை ஏற்றி, பிள்ளைகளை அருகில் இருத்தி, இழந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அதுவும் செபமே. பக்கத்து வீட்டில் தனித்திருப்பவளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.