அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், போயா தினமும்கூட. திருகோணமலை மாவட்டத்தில் அன்று வாழ்ந்த யாரிடமாவது "சுனாமி அன்று எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஞாபகமில்லை என்று சொல்பவரைக் காண்பது அரிது. அடுப்பில் இருந்தது ரொட்டியா இடியப்பமா, உடுத்திருந்த சாரம் என்ன நிறம், அந்த நேரம் வாசலில் நின்றது யார், எல்லாம் வரும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று அதே மனிதரிடம் கேட்டால் சிரிப்பார்.

நான் 2008 இல் பிறந்தவள். எமது வகுப்பில் அந்த அலையைக் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் இந்த மலரை வாசிக்கும் பெற்றோரில் பெரும்பாலானோர் அந்த நாளைக் கடந்து வந்தவர்கள். சொல்ல இருப்பவர்கள் அவர்கள், கேட்க இருப்பவர்கள் நாங்கள். கேட்பதற்கு முன் அந்த நினைவு எப்படிப்பட்டது என்று அறிந்து வைத்திருப்பது நல்லது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் இருவரும் 1977 இல் இவ்வகை நினைவுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். புகைப்படம் எடுக்கும்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்குமே, அதன் பெயர்தான். 1963 இல் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட செய்தி வந்தபோது தாங்கள் எங்கே நின்றோம், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை மக்கள் பல ஆண்டுகள் கழித்தும் தெளிவாகச் சொன்னார்கள். அதிர்ச்சியான கணத்தை மூளை படம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அந்த இருவரும் எண்ணினார்கள்.

உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளருக்கு அதில் சந்தேகம் இருந்தது. 1986 ஜனவரி 28 அன்று சலஞ்சர் விண்ணோடம் வானில் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கப்பட்டது. சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள் மீண்டும் கேட்கப்பட்டன. 11 பேர் சொன்னதில் முக்கியமான விபரம் ஒன்றுகூட முதல் தாளோடு பொருந்தவில்லை. ஆனாலும் தங்கள் நினைவு சரியென்றே பலரும் உறுதியாக இருந்தார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பி வரவில்லை.

இதை வாசித்துவிட்டு எங்கள் பெரியவர்கள் சொல்வதெல்லாம் கற்பனை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த மாணவர்கள் செய்தியைக் கேட்டவர்கள் மட்டுமே. 1989 இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த பூகம்பத்தின் பின் நைஸரும் மற்றவர்களும் செய்த ஆய்வில், நிலம் ஆடியதை உடலால் உணர்ந்தவர்கள் பல மாதங்கள் கழித்தும் ஏறத்தாழ மாறாமலே சொன்னார்கள். தூரத்து அட்லாண்டா நகரில் அதைச் செய்தியாகக் கேட்டவர்கள்தான் அதிகம் மாற்றிச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வகையும் உண்டு. உம்மா அன்று கிண்ணியாவில் இருந்தார், வயது பதினேழு. வாப்பாவின் தம்பி, என் சாச்சா, கட்டாரில் வேலையில் இருந்தார். வாப்பா தொலைபேசியில் அழைத்துச் சொன்னதால்தான் தனக்கு விடயம் தெரியும் என்கிறார் சாச்சா. அன்று முழுவதும் தொலைபேசி வேலை செய்யவே இல்லை, மறுநாள் பின்னேரம்தான் கதைக்கக் கிடைத்தது என்கிறார் வாப்பா. அப்படியானால் சாச்சாவை அழைத்தது யார்? தொலைக்காட்சியில் பார்த்ததும் தம்பியோடு கதைத்ததும் பிறகு ஒன்றாய்ச் சேர்ந்திருக்கலாம். இருவரும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பெருநாள் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தால் கறிக்கு முதல் இந்தக் கதை வந்துவிடும்.

உம்மாவின் நினைவு வேறு மாதிரி. அவர் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். லொறியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். யாரோ "கடல் வருது, ஓடுங்க புள்ள" என்று கத்தியபடி ஓடினார்கள். உம்மா தம்பியை இழுத்துக்கொண்டு வயல் பக்கமாக ஓடினார். ஒரு கால் செருப்பு கழன்றது, அதன் வார் நீல நிறம். ஆனால் வழியில் இருந்த மதிலை எப்படிக் கடந்தார் என்று கேட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஏறினாரா, யாரும் தூக்கி விட்டார்களா, மதிலே உடைந்திருந்ததா, தெரியவில்லை. பயம் உச்சத்துக்குப் போகும்போது உடலில் சுரக்கும் ஓமோன்கள், மூளையின் அமிக்டலா என்ற பகுதியைத் தூண்டி, அந்தக் கணத்தில் கவனம் எதில் பதிந்ததோ அதை ஆழமாகப் பதிய வைக்கின்றன. சுற்றியிருந்தவை விடுபட்டுப் போகின்றன. செருப்பு தங்கி மதில் மறைந்தது இதனால்தான்.

உம்மா கேட்டது "கடல் வருது" என்பதுதான். ஆனால் அன்று சிறு பிள்ளைகளாக இருந்த சிலர், "சுனாமி வருது என்று கத்தினார்கள்" என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லை எமது ஊரில் அன்று காலை அறிந்திருந்தவர் மிகக் குறைவு. வானொலியும் பத்திரிகையும் அதைக் கொண்டுவந்தது பிறகுதான். பின்னால் வந்த சொல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று ஐந்து வயதாக இருந்த உறவுக்கார அண்ணன் ஒருவர், கிண்ணியாப் பெரிய பாலத்தில் நின்று கடலைப் பார்த்ததாகச் சொல்வார். அந்தப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தைக் கடந்தது பாதையில்தான். (வெளியூர் வாசகர்களுக்கு: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம்.)

"கடல் முதலில் உள்வாங்கியதா?" என்ற கேள்விக்கு வரும் பதில்களும் ஒத்துப்போவதில்லை. இங்கே நினைவோடு விஞ்ஞானமும் சேர்ந்து நிற்கிறது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியபோது ஒரு பக்கம் உயர்ந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. தாய்லாந்துப் பக்கம் தாழ்ந்த நீர் முதலில் போனதால் அங்கே கடல் முதலில் வற்றியது. மேற்கே இலங்கையை நோக்கி உயர்ந்த நீரே முதலில் வந்தது. எனவே இங்கே நீர் முதலில் ஏறி, பின்னர் இழுபட்டு, மீண்டும் இன்னும் பெரிதாக வந்தது. முதல் ஏற்றம் சிறிதாய்த் தெரிந்த இடத்தில் நின்றவருக்குக் கடல் உள்வாங்கியதுதான் தொடக்கம். தாய்லாந்துக் கடற்கரைப் படங்களைப் பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தவரின் நினைவில் அவையும் கலந்திருக்கலாம். ஆகவே "உள்வாங்கியதா?" என்று மட்டும் கேட்காமல், "வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கு முன்னா, பின்னா?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும்.

நேரக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூகம்பம் நடந்தது இலங்கையின் அன்றைய நேரப்படி காலை 6.58 க்கு. அலை எமது கரையை அடைந்தது ஒன்பது மணியை ஒட்டி. இடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தது, எச்சரிக்கத்தான் ஒரு அமைப்பு இருக்கவில்லை. ஆனால் கதை கேட்கும்போது ஒருவர் ஒன்பது என்பார், இன்னொருவர் எட்டரை என்பார். எட்டரை என்பவர் பிழையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996 இல் நாட்டின் கடிகாரம் முன்னே நகர்த்தப்பட்டது. 2004 இல் அது இன்றைய நேரத்தைவிட அரை மணித்தியாலம் முந்தியிருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்திருந்தன. கொட்டியாரக் குடாவின் கரையில் சம்பூர் அப்போது அவர்களிடம் இருந்தது, கிண்ணியா அரசாங்கத்திடம் இருந்தது. ஒரே குடா, ஒரே அலை, இரண்டு கடிகாரம். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இன்று ஒவ்வொரு டிசெம்பர் 26 அன்றும் காலை 9.25 இலிருந்து 9.27 வரை நாம் மௌனமாக நிற்கிறோம். தெற்கே பெரலியவில் இரயிலை அலை அடித்த நேரத்தை அண்டிய கணக்கு அது, அதுவும் அன்றைய கடிகாரத்தில். எமது கரையைப் பொறுத்தவரை, நாம் மௌனம் காக்கத் தொடங்கும்போது அலை வந்த வேளை கடந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகிவிடுகிறது.

மூதூரில் இருந்து வந்த மாமி ஒருவர் கூடார வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது சுனாமியையும் 2006 ஓகஸ்ட் யுத்தத்தையும் கலந்துவிடுவார். அந்த ஓகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்து கந்தளாய் பக்கம் போனார்கள். இருபது மாதத்துக்குள் இரண்டு முறை வீட்டை விட்டு ஓடியவர் எந்தக் கூடாரத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடலில் இருந்தவர்களின் கதையை யாரும் அதிகம் கேட்பதில்லை. உம்மாவின் மாமா ஒருவர் அன்று தோணியில் மீன்பிடியில் இருந்தார். அவர் எதையும் உணரவில்லை. கரைக்கு வரும் வழியில் அலுமாரிக் கதவும் சட்டி பானையும் மிதந்து வந்தபோதுதான் ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. இதற்கும் காரணம் உண்டு. ஆழ்கடலில் இந்த அலையின் உயரம் ஒரு மீற்றர்கூட இராது, ஆனால் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர், வேகம் ஆகாய விமானத்துக்குச் சமம். ஆழம் குறையும் கரையில்தான் வேகம் குறைந்து நீர் எழும்பும். யப்பானிய மொழியில் 'சு' என்றால் துறைமுகம், 'நமி' என்றால் அலை. கடலில் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்து துறைமுகத்தை அழிந்த நிலையில் கண்ட மீனவர்கள் வைத்த பெயர் என்பார்கள். துறைமுகத்து மாவட்டத்தில் பிறந்த எமக்கு அந்தச் சொல் புரிய ஒரு மாமாவின் தோணி போதும்.

இனி எழுதத் தயங்கிய ஒன்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய மூன்று வயது மகள் அன்று போய்விட்டாள். "நான்தான் கைய விட்டுட்டன்" என்று அவர் இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். பக்கத்தில் நின்ற அவருடைய ராத்தா, அந்த நேரம் பிள்ளை மாமியின் கையில் இருக்கவே இல்லை, பாட்டனாரின் தோளில் இருந்தாள் என்கிறார். எது சரி? ஒரு கன மீற்றர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அந்த வேகத்தில் வரும் நீருக்குள் கையைப் பிடித்திருப்பதும் விடுவதும் ஒரு தாயின் விருப்பத்தில் இல்லை. நினைவில் விடுபட்ட விநாடிகளை மனம் ஏதோ ஒன்றால் நிரப்புகிறது, சிலர் குற்ற உணர்ச்சியால் நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் நைஸரின் ஆய்வைத் தூக்கிக்கொண்டு போய் மாமியிடம், உங்கள் நினைவு பிழை என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் கொப்பியில் இருவர் சொன்னதும் அருகருகே இருக்கின்றன. ஒன்றை அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. மாமியிடம் அந்தக் கணத்தைப் பற்றி நானாகக் கேட்பதும் இல்லை. மகள் எப்படிச் சிரிப்பாள், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டால் அவர் நீண்ட நேரம் கதைப்பார்.

இவ்வளவு குழப்பம் உள்ள நினைவுகளை ஏன் எழுதி வைக்க வேண்டும்? சுமாத்திராவுக்கு மேற்கே சிமியூலு என்று ஒரு தீவு உண்டு, பூகம்பத்தின் மையத்துக்கு மிக அருகில். அங்கே 1907 இல் ஒரு பேரலை பலரைக் கொன்றது. தப்பியவர்கள் அதற்கு 'சுமோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர். இலங்கையில் இறந்தவர்கள் 35,000 க்கு மேல். 1883 இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை எமது தீவின் கரையையும் தொட்டது. கடல் உள்வாங்கித் திரும்பியதைப் பதிவேடுகளில் எழுதினார்கள். தாலாட்டில் யாரும் பாடவில்லை. கிண்ணியாவில் வைத்தியசாலைகூடக் கடலுக்கு அருகில்தான் கட்டப்பட்டிருந்தது. அதையும் அலை அழித்தது.

இன்று எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் வந்தபோது கரையோர மக்கள் எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறினார்கள். அன்று பேரலை வரவில்லை. கோபுரம் "ஓடு" என்று சொல்லும். எந்த ஒழுங்கையால் ஓடினால் நீர் இடுப்போடு நிற்கும், எந்த ஒழுங்கை முட்டுச் சந்து என்பது ஓடியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே வீட்டில் கேட்கும்போது "எங்கே இருந்தீர்கள்?" என்பதோடு "எந்தப் பக்கம் ஓடினீர்கள், தண்ணீர் எது வரை வந்தது?" என்பதையும் கேளுங்கள். கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, கண்டதை ஒரு பக்கமும் பிறரிடம் கேட்டதை மறுபக்கமும் எழுதுங்கள். சொல்பவர் அழுதால் கொப்பியை மூடிவிட்டுத் தேநீர் ஊற்றுங்கள். உம்மாவின் பக்கத்தை அவரே வரைந்து தந்தார். கிணற்றடி, தென்னை மூன்று, ஒழுங்கை, மதில், அதற்கப்பால் வயல். அந்த ஒழுங்கை போன இடத்தில் இப்போது ஒரு மாடி வீடு நிற்கிறது. வயலுக்குப் போக வேறு வழி உண்டா என்று பார்க்க உம்மாவும் நானும் அடுத்த வெள்ளி பின்னேரம் நடந்து போக இருக்கிறோம்.