புண்ணில் பிறக்கும் மணம்

விடுதியில் என் அறை நண்பருக்கு அவர் தமையனார் துபாயிலிருந்து ஒரு சிறு புட்டி அனுப்பியிருந்தார். மூடியைத் திறந்ததும் தாழ்வாரமெங்கும் மணம்! "ஊது அத்தர், அரபு நாட்டுச் சரக்கு" என்றார் பெருமையாக.

கலை அரபு நாட்டுக் கலைதான். மரம் அந்நாட்டு மரமன்று. அது அஸ்ஸாமிலும் அதற்குக் கிழக்கேயுள்ள காடுகளிலும் வளர்வது. அஸ்ஸாமியர் அதைச் 'சாஞ்சி' என்பர். 'அகில்' என்று நம் முன்னோர் அழைத்த நறுமண மரங்களுள் அதுவும் ஒன்று. அரபு மொழியில் 'ஊது' என்றால் மரக்கட்டை என்பதே பொருள். நாம் கொளுத்தும் ஊதுவத்தியின் பெயரிலும் அந்த ஊதே ஒளிந்திருக்கிறது. வாயால் ஊதுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை!

நண்பர்களே, இம்மரத்தின் விந்தையைக் கேளுங்கள். நோயற்ற மரத்தின் கட்டை வெளுத்தது, இலேசானது, மணமற்றது. தண்டைப் புழு துளைத்தாலோ, காற்றில் கிளை முறிந்தாலோ, அப்புண்ணின் வழியே ஒருவகைப் பூசணம் உள்ளே புகுகிறது. அதை எதிர்த்துப் போராட மரம் கரிய பிசினைச் சுரக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் ஊறிய பகுதி கறுத்துக் கனக்கிறது. மிக உயர்ந்த கட்டை நீரில் மூழ்கிவிடும். அந்தப் பிசினே மணத்தின் பிறப்பிடம்.

கட்டையைச் சிறு துண்டுகளாக்கி, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, வாலையில் காய்ச்சினால், நீரின்மேல் சிறிதளவு தைலம் மிதக்கும். மூட்டை மூட்டையாகக் கட்டை. கிடைப்பதோ சில துளிகள்! விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் நறுமண நூலில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. வளைகுடா நாடுகளில் இன்றும் விருந்தினருக்குத் தணலில் ஊதுக்கட்டை புகைத்துக் காட்டுவர். அப்புகை சுற்றி வந்துவிட்டால், விடைபெறும் வேளை வந்துவிட்டது என்று பொருள்.

1983-இல் ஓமன் சுல்தான் காபூஸின் விருப்பப்படி 'அமுவாஜ்' நிறுவனம் தோன்றி, அரபு மணங்களை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றது. 2002-இல் பாரிஸின் இவ் சான் லோரானும், 2007-இல் அமெரிக்கரான டாம் ஃபோர்டும் ஊது மணத்தை விற்கத் தொடங்கினர். அதன்பின் உலகெங்கும் ஊது மோகம் பரவியது.

இதில்தான் கேடு இருக்கிறது. உள்ளே பிசின் உண்டா இல்லையா என்பதை வெளியிலிருந்து அறிவது அரிது. ஆகவே வெறும் மரங்களும் வெட்டுண்டு வீழ்கின்றன. 1995-இல் அஸ்ஸாம் அகிலின் பன்னாட்டு வாணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2004-இல் அதன் இனங்கள் அனைத்துக்கும் அக்கட்டுப்பாட்டை விரிக்க முடிவாயிற்று. இயற்கைக் காடுகளில் இம்மரம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஆறுதல் ஒன்றுண்டு: அஸ்ஸாம் மக்கள் வீட்டுத் தோட்டங்களில் இதை வளர்க்கிறார்கள்; பூசணத்தைச் செயற்கையாகப் புகுத்தியும் பிசினைப் பெறுகிறார்கள்.

"அப்படியானால் என் புட்டியில் இருப்பது அசலா?" என்று கேட்டார் நண்பர். விலையைச் சொன்னார். "ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாகத்தான் இருக்கும்" என்றேன். அவர் முகம் வாடியது. வாடுவானேன்? அந்த மணத்துக்காக எந்த மரமும் வீழவில்லையே!