மூச்சு வந்தது, கால் வரவில்லை

தோட்டத்து விளையாட்டு விழாவில் பரிசு வாங்கிய கால்கள் நம்மிடையே எத்தனையோ! பால்மரக் காட்டுச் சடக்கில் ஓடிப் பழகிய நாமும் பதினைந்து ஆண்டுகள் ஓட்டத்தை மறந்திருந்தோம். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் மேல் 21 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க ஆசை வந்தது. மறுபடி இறங்கினோம்.

முதல் வாரம் இளைப்பு. நான்காம் வாரம், "அட, பழைய மூச்சு வந்துடுச்சே!" என்று தூரத்தை இரட்டிப்பாக்கினோம். வந்தது வினை! முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்து, ஒரு மாதம் வீட்டோடு கிடந்தோம்.

இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூச்சு 'ஓடு' என்னும். கால் 'பொறு' என்னும். காலின் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, ஐந்து நிமிட நடை, ஒரு நிமிட ஓட்டம் என்று தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் போதும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

நாம் மறுபடி தொடங்கிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பையன், "மாமா, மெதுவா வாங்க" என்று முந்திப் போகிறான். போகட்டும். மெதுவாகத்தான் போகிறோம்.