முதுமையும் வைட்டமின் மாத்திரையும்

நலமாக இருக்கும் முதியவர் தினம் ஒரு சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரை போட்டுக்கொள்வதால் பெரிய கெடுதல் வருவதாகத் தெரியவில்லை. பெரிய பலன் தெரிகிறதா என்றால் அதுவும் சந்தேகமே. தனி வைட்டமின்களை அதிக அளவில், வருடக்கணக்கில் விழுங்கும்போதுதான் வம்பு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயது கடந்த, நலமான ஆண்கள் 35,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு ஒன்றில் சிலருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். அது ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. 2011இல் வந்த முடிவோ நேர்மாறு: வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். பலன் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போனது.

வைட்டமின் டி விஷயம் நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பைக் காக்க வேண்டிய மருந்து, கீழே விழுவதையும் எலும்பு முறிவையும் கூட்டியது. இந்திய மருந்துக் கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட், குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வாரம் ஒன்று என்ற கணக்கில் எழுதப்படுவது. அதைத் தினம் ஒன்றாகக் கலக்கிக் குடிப்பவர்களும், சீட்டு முடிந்தபின் தாமாகவே வாங்கித் தொடர்பவர்களும் உண்டு. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடுவதால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் என்று போய்ச் சிறுநீரகத்தில் முடியலாம். குழப்பத்தை வயசுக் கோளாறு என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் கொடுமை.

பொதுவாக உடலில் தங்காத, நீரில் கரையும் வகையிலும் விதிவிலக்கு உண்டு. பி6 அளவு மீறினால் நரம்பு பாதித்துக் கைகால் மரத்துப்போகும்.

மாத்திரை உண்மையிலேயே தேவைப்படும் இடம் பி12. வயதாக ஆக உணவிலிருந்து அதைப் பிரித்து உறிஞ்சும் திறன் குறைகிறது. முழுச் சைவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். ஆனால் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகிவிட, பி12 குறைவால் நரம்பு கெடுவது வெளியே தெரியாமல் போகும்.

வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். முடிக்கென்று விற்கும் பயோட்டின், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையில் சில சமயம் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். அதனால் ரத்தம் கொடுக்கும் முன் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.