யாரும் அணியாத பேட்ஜ் எதற்கு?

எக்ஸ்ரே எடுப்பவர் நெஞ்சில், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் ஒன்று இருக்கும். ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளேதான் குத்த வேண்டும். உடம்புக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேர்ந்தது என்பதே கேள்வி. அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் யாரும் அணியாத இன்னொரு பேட்ஜும் இருக்க வேண்டும். ஏன்?

பேட்ஜுக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள். கதிர்வீச்சு பட்டால் சில எலக்ட்ரான்கள் படிகத்தின் குறைகளில் சிக்கி அங்கேயே கிடக்கும். ஆய்வகத்தில் சூடாக்கினால் விடுபட்டு ஒளிவிடும். அந்த ஒளியை அளந்தால் கதிர்வீச்சின் கணக்கு வந்துவிடும்.

வில்லைக்கு எக்ஸ்ரே, இயற்கைக் கதிர்வீச்சு என்ற பேதம் தெரியாது. பாறையும் விண்வெளியும் தருவது அதிலேயே சேரும். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1,000 மீட்டருக்கும் மேல் உள்ள கொல்லிமலைக்குப் போனால் தலைக்கு மேல் காற்று குறைவு. காஸ்மிக் கதிர் நாமக்கல்லைவிடச் சற்றுக் கூடுதல். பயப்பட ஒன்றுமில்லை, கழித்தால் போதும். கழிக்கத்தான் அந்த இன்னொரு பேட்ஜ். மலையில் வேலை என்றால் அதுவும் மலையிலேயே, எக்ஸ்ரே அறையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

மிஞ்சுவதுதான் ஊழியரின் பங்கு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

பயிற்சியில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பேட்ஜ் கணக்கெழுதும், காப்பாற்றாது. காப்பது குறைந்த நேரம், தடுப்பு, தூரம். கதிர்மூலத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் படுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.