மரப்படகுக்கு மழைதான் எமன்

1960களின் தொடக்கத்தில் பம்பாய்ப் பக்கம் கப்பலோடிக்கொண்டிருந்த ஆங்கிலேய வணிகக் கப்பல் அதிகாரி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு கட்டும் ஆசை வந்தது. கைக்குக் கிடைத்த வரைபடம் அமெரிக்கர் வில்லியம் அட்கின் 1920களில் போட்டது. நார்வேயின் கடல்மீட்புப் படகுகளைப் பார்த்து வரைந்தது என்பதால் முன்னும் பின்னும் கூர். மரம், நம் நாட்டுத் தேக்கு. பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கி, வில் துறப்பணத்தால் துளைபோட்டு அதைக் கட்டிமுடித்தார்கள். 32 அடி நீளமுள்ள அந்தப் படகின் பெயர் ‘சுஹைலி’. 1968 ஜூன் 14 அன்று அதில் ஏறி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே வந்து சேர்ந்தார். எங்கும் நிற்காமல், தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். அது ஒரு போட்டி; இறங்கியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவரே.

இத்தனை புயலையும் தாங்கிய படகைக் கடைசியில் ஒரு அருங்காட்சியகம்தான் கெடுக்கப் பார்த்தது. 1997இல் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் சுஹைலியைக் கொண்டுபோய் வைத்தார்கள். மழை இல்லை, அலை இல்லை, காற்றின் ஈரப்பதம்கூட அளவோடு வைக்கப்பட்ட கூடம். அங்கே பலகைகள் சுருங்கத் தொடங்கின. இப்படியே விட்டால் படகு செத்துவிடும் என்று 2002இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே எடுத்துவிட்டார்.

காரணம் மரத்தின் சுபாவத்தில் இருக்கிறது. ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். மாறுவதெல்லாம் அகலத்திலும் பருமனிலும்தான். இவ்வகைப் படகில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு பொருந்தி, படகின் விலா எலும்பு போன்ற வளைசட்டங்களான வங்குகளில் அறையப்பட்டிருக்கும். இரு பலகைக்கு நடுவே உள்ள பொருத்தில் பஞ்சுத்திரியைப் பட்டை உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து இறக்கி, மேலே மக்கு பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை உப்பிப் பஞ்சை இறுக்கும். கரையில் மாதக்கணக்கில் காய்ந்த படகை மறுபடி இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும். விவரம் தெரிந்தவர்கள் படகை இறக்கிய கிரேனின் வார்களை அவிழ்க்காமல், பம்பை ஓடவிட்டு, பலகை உப்பும்வரை பொறுத்திருப்பார்கள். பயந்துபோய் உடனே எல்லாப் பொருத்திலும் பஞ்சைத் திணிப்பவர் மாட்டிக்கொள்வார்: பலகை உப்புகிறபோது அதற்கு இடம் இருக்காது, ஆணியைப் பிடுங்கும், வங்கையே உடைக்கும்.

உலகைச் சுற்றப் புறப்பட்ட சில வாரங்களிலேயே சுஹைலி ஒழுகியது. அட்லாண்டிக்கின் நடுவே நாக்ஸ்-ஜான்ஸ்டன் மூழ்கிப் பார்த்தார். அடிக்கட்டையான ஏராவுக்கு மேலுள்ள பொருத்து, இரு பக்கமும் சுமார் எட்டடி நீளத்துக்குத் திறந்திருந்தது. சுறாவின் கண்ணில் வெள்ளை உடம்பு படக்கூடாதென்று கருஞ்சட்டையும் ஜீன்ஸும் மாட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்துப் பஞ்சை அடித்தார். மேலே போய் மூச்சு வாங்கித் திரும்புவதற்குள் பஞ்சு வெளியே வந்துவிட்டது. பிறகு நீளமான கித்தான் பட்டையில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளால் பொருத்தின்மேல் அறைந்தார். அதைக் காக்க மேலே ஒரு செப்புத் தகடு. நடுவில் சுறா ஒன்று வட்டமிட, மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

உப்புநீர் மரத்தை அரிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அதற்கு நல்ல தண்ணீரும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது வேலையைத் தொடங்கும். உப்பு அதற்கு ஆகாது. எப்போதும் மூழ்கியிருக்கும் பலகைக்குள் போதிய காற்று இல்லை. எனவே பழைய படகில் மக்கல் தொடங்குவது பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான்: மழைநீர் கசியும் மேல்தள ஓரம், பாய்மரத்தின் காலடி, காற்றோட்டமில்லாத அலமாரியின் பின்புறம். அந்தக் காலக் கப்பல் தச்சர்கள் வங்குகளுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்ததும், மாலுமிகள் தளத்தைக் கடல்நீரால் கழுவியதும் சும்மா இல்லை.

கடலுக்குள் மரத்துக்கு உண்மையான பகை கப்பல் புழு. பெயர்தான் புழு, பிறப்பால் சிப்பி இனம். வெளியே ஊசித்துளை தெரியும், உள்ளே பலகை சல்லடை. அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்தது இதற்காகத்தான். இன்று அந்த வேலையை ஆண்டுதோறும் அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் செய்கிறது.

பழுதுபார்ப்பவரின் பெரிய தலைவலி இரும்பு ஆணி. துருப்பிடித்தால் பருக்கும், சுற்றியுள்ள மரத்தைக் கருக்கும். நாளடைவில் மரத்துக்கும் ஆணிக்கும் பிடிப்பே இராது. ஓக் மரத்தில் இது வேகமாக நடக்கும். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் சேதம் குறைவு, இல்லாமல் போவதில்லை. சுஹைலியின் இரும்பு ஆணிகளைக் கழற்றிச் சிலிக்கான் வெண்கல ஆணிகளை மாட்டும் பெரிய வேலை பின்னாளில் நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய நாக்ஸ்-ஜான்ஸ்டனும் அதில் கைபோட்டார்.

வங்கு மாற்றுவது பார்க்க வேண்டிய வேலை. மரச் சட்டத்தை நீளப் பெட்டிக்குள் வைத்து நீராவி விடுவார்கள். ஒரு அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. வெளியே எடுத்தால் ஒன்றிரண்டு நிமிடங்களே வளையும். கையுறையோடு இருவர் ஓடிவந்து படகின் வளைவுக்குள் அழுத்தி, இறுக்கியால் பிடித்துவிட வேண்டும். தயங்கினால் சட்டம் பாதியில் விறைத்து முறியும். எல்லாப் பலகையையும் வங்கையும் ஒரேயடியாகப் பிரித்துப்போடுவது மடமை. படகு தன் வடிவத்தை இழந்து தொங்கிவிடும். ஒன்று விட்டு ஒன்றாக, பழையதை அச்சாக வைத்தே புதியதைப் போட வேண்டும்.

இப்படி மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது பழைய படகா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது வீண் சண்டையாகப் படுகிறது. மரப்படகு எப்போதுமே மாற்றி மாற்றி வாழ்வதற்காகக் கட்டப்பட்டது. அதற்காகப் புதுமரம் அவ்வளவாகத் தேவைப்படாத படகுகள் இல்லாமலில்லை. திருகோணமலையின் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘டிரிங்கோமலி’, 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் பத்தாண்டுக்கு மேல் செப்பனிட்ட பிறகும் அதில் பழைய தேக்கு நிறைய இருக்கிறது, இன்றும் மிதக்கிறது.

ஒழுகும் பழைய படகுக்கு மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்திவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பளபளப்பான தோலுக்குள் மரம் மக்கும். பழைய மரப்படகை விலை பேசப் போகிறவர் பெயின்டையும் வார்னிஷையும் பார்க்க வேண்டாம். ஒரு சிறு சுத்தியல் எடுத்துப்போய் மேல்தள ஓரத்தையும் பாய்மரக் காலடியையும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் மேலே பேசுங்கள். தொப்பென்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.